கார் டைரி

காலை ஆறரைக்கு அவர் காரைச் சுற்றி வருவார். எங்கேயோ கிளம்புகிறார் என்று நினைத்துவிடக் கூடாது. வாரத்தில் பாதி நாள் அந்தக் கார் வாசலை விட்டு அசைவதில்லை. அசைந்தாலும் அசையாவிட்டாலும் இந்தச் சுற்று உண்டு. லுங்கியை மடித்துக் கட்டி, கையில் கிழிந்த பனியன் துணியோடு முன் இடது டயரில் ஆரம்பிப்பார். நான்கு டயருக்கும் காலால் ஒரு எத்து. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னிக்கு ஒரு தட்டு. பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியை உருவித் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி உருவி, வெயில் வரும் பக்கம் திருப்பிப் பார்ப்பார். கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி முனை. கடைசியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து அடியில் பார்ப்பார்: எண்ணெய் சொட்டியிருக்கிறதா, நாய் படுத்திருக்கிறதா. பெரும்பாலும் நாய்தான்.

ராணுவத்தில் இதற்கு ஃபர்ஸ்ட் பரேட் என்று பெயர். வழியில் நிறுத்தும்போது பார்ப்பது ஹால்ட் பரேட். திரும்பி வந்து வண்டியை விட்டபின் பார்ப்பது லாஸ்ட் பரேட். இந்த மூன்றும் காஞ்சிபுரம் பக்கம் மாகறலில் ஒரு வேகன் ஆருக்கு நடக்கின்றன.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். கடையில் பேசாமல் டீ குடிக்கிறவனை இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அது ஒரு வசதி. அவரும் என்னைப் பார்ப்பதில்லை. கடைக்காரர் அவரை மிலிட்டரி மாமா என்கிறார். தெருப் பிள்ளைகளுக்கும் மிலிட்டரி மாமா. வீட்டு அம்மாள் மட்டும் ‘ஏங்க’. வண்டி ஓட்டவே பட்டாளத்தில் சேர்ந்தவர். ஏ.எஸ்.சி. என்கிற ஆர்மி சர்வீஸ் கோர், பெங்களூரில் பயிற்சி, பிறகு காஷ்மீர், அஸ்ஸாம் என்று எங்கெங்கோ. நடுவில் ஒரு வருஷம் ஐ.நா. படையில் காங்கோ. ஊரில் யாருக்கும் காஷ்மீர் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை. காங்கோ என்றால்தான் டீயைக் கீழே வைக்கிறார்கள்.

வெளிநாட்டில் பட்டாள வேலை என்றதும் நமக்கு ஒரு கார் தோன்றுகிறது. வளைகுடாவுக்குப் போனவர்களைப் பார்த்துப் பழகிய கண் அது. நம் பட்டாளத்தில் அப்படி இல்லை. அமெரிக்கச் சிப்பாயை ஜெர்மனிக்கு மாற்றினால், அவனுடைய சொந்தக் கார் ஒன்றை அரசே தன் செலவில் கப்பலேற்றி அனுப்புகிறது. அங்கே ஓட்ட அவனுடைய ராணுவமே லைசென்ஸும் கொடுக்கிறது. நம்மவர்களுக்கு அந்த மாதிரி ஓரளவு தோதான இடம் பூட்டான் ஒன்றுதான். ஹா பள்ளத்தாக்கில் 1962 முதல் இந்தியப் பயிற்சிக் குழு இருக்கிறது. ஜெய்காவ் வாசலைத் தாண்டினால் புன்ட்ஷோலிங். அங்கிருந்து திம்புவுக்கு ஏறும் சாலையே நம் எல்லைச் சாலை அமைப்பின் டன்டக் பிரிவு போட்டது. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். அனுமதிச் சீட்டு வாங்கினால் நம்மூர் நம்பர் பிளேட்டோடு ஏறிப் போய்விடலாம். ஐ.நா. படையில் போகிற சிப்பாய்க்கு அந்தப் பேச்சே கிடையாது. இதுவரை 2 லட்சத்து 90 ஆயிரம் இந்தியர்களுக்கு மேல் ஐ.நா. அமைதிப் படைகளில் வேலை பார்த்திருக்கிறார்கள். 1950-இல் கொரியாவுக்குப் போன மருத்துவப் பிரிவிலிருந்து இன்றைய தெற்கு சூடான் வரை, இவர்களில் எத்தனையோ ஆயிரம் பேர் ஸ்டியரிங் பிடித்தவர்கள். பிடித்த வண்டி எதுவும் அவர்களுடையது அல்ல.

யாருடையது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. படைகளை அனுப்பும் நாடு தன் லாரி, ஜீப், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் கப்பலில் கொண்டுபோகிறது. பச்சை வண்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் கறுப்பில் யு.என். என்று எழுதுகிறார்கள். ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அந்த நாட்டுப் பொறுப்பு. ஓடுகிற நிலையில் இருக்கிறதா என்று ஐ.நா. ஆட்கள் வந்து பரிசோதிப்பார்கள். ஓடினால் வாடகை, நின்றால் இல்லை. இதற்கு வெட் லீஸ் என்று பெயர். ஆளுக்கும் அதே போலத்தான்: 2018 ஜூலை கணக்குப்படி ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,428 டாலர், அவன் கையில் அல்ல, அவன் அரசாங்கத்திடம். வண்டியும் வாடகை, ஓட்டுகிறவனும் வாடகை.

லைசென்ஸுக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, ராணுவ டிரைவருக்கு ராணுவமே லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது. அதைக் காட்டி அவர் ஓட்டக்கூடியது மத்திய அரசின் பாதுகாப்புத் துறை வண்டிகளை மட்டுமே. சொந்தத் தம்பியின் மாருதியை அதை வைத்து ஓட்டினால் குற்றம். ரிட்டயர் ஆகி வந்ததும் ஆர்.டி.ஓ. ஆபீசில் சாதாரண லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட வேண்டும். ராணுவ லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து சட்டம் விலக்கு தந்தது. அந்த மட்டில் மரியாதை.

அவர் காங்கோவுக்குப் போனது 2008. கிழக்கே வடக்கு கிவு மாகாணம். ஊர் கோமா. நிராகோங்கோ எரிமலை 2002 ஜனவரியில் வெடித்து, குழம்பு அந்த ஊரின் நடுவே இறங்கி கிவு ஏரி வரை போனது. அது ஆறிய பாறையின் மேல்தான் தெருக்கள். டயரைக் கத்தி மாதிரி கிழிக்கும் என்று அவர் சொல்ல, கடைக்காரர் நம்பாத முகத்தோடு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். சுக்குடுவைப் பற்றிச் சொன்னபோதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். மரத்தில் செய்த தள்ளுவண்டி, இரண்டு மரச் சக்கரம், கைப்பிடி. அதில் மூட்டை மூட்டையாகக் கரியும் உருளைக்கிழங்கும் ஏற்றி, ஒரு முட்டியை ஊன்றிக்கொண்டு மலைச் சரிவில் விட்டு வருவார்கள்.

“பிரேக்கு?” என்றான் ஒரு பையன்.

“செருப்புதான்டா பிரேக்கு.”

ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது சுக்குடுவும் எரிமலையும் அல்ல, பக்கம் மாறியது. காங்கோவில் வலது பக்கம் ஓட்ட வேண்டும். இவர்கள் கொண்டுபோன வண்டிகளோ நம்மூர் வண்டிகள், ஸ்டியரிங் வலப்புறம். ஆகவே டிரைவர் உட்காருவது ரோட்டின் நடுப்பக்கம் அல்ல, ஓரம். ஒரு பக்கம் பள்ளம் நன்றாகத் தெரியும். முன்னால் போகிற லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்பது மட்டும் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவன் இடது சீட்டில் இருக்கும் கோ-டிரைவர். அவன் ‘கிளியர்’ என்றால்தான் வண்டி வெளியே எடுக்கலாம். தன் உயிரைப் பக்கத்துச் சீட்டுக்காரன் கண்ணில் வைத்து ஓட்ட வேண்டிய ஏற்பாடு. உகாண்டா எல்லையில் புனகானா என்ற இடத்தில் இன்னொரு கூத்து. எல்லைக்கு அந்தாண்ட நம்மைப் போல் இடது, இந்தாண்ட வலது. நடுவே சில அடி தூரத்தில் எல்லா வண்டியும் பக்கம் மாற வேண்டும். இது வேடிக்கைக் கதையாகத்தான் கடையில் ஓடும். உலகெங்கும் அமைதிப் படைகளில் விபத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள் என்பதை அவர் சொல்வதில்லை.

பக்கத்துச் சீட்டைக் கேட்டு ஓட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. காஞ்சிபுரம் – உத்திரமேரூர் ரோட்டில் கிரஷரிலிருந்து வரும் டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். இங்கே அவர் உட்கார்ந்திருப்பது சரியான பக்கம்தான், எதிரே வருவது அவருக்கே தெரியும். ஆனாலும் டிப்பரைத் தாண்டுமுன் இடது பக்கம் திரும்பி, “வருதா?” என்பார். அம்மாள் மடியில் கீரை ஆய்ந்துகொண்டே, தலையைத் தூக்காமல், “ஒண்ணும் வரல, போங்க” என்பார். இதை ஒரு நாள் பின்சீட்டில் இருந்து பார்த்தேன். எப்படிப் பின்சீட்டுக்குப் போனேன் என்பது பிறகு.

காரைப் பின்னால் எடுப்பது அடுத்த காட்சி. பின்னால் வழிகாட்ட ஆள் நிற்காமல் ரிவர்ஸ் எடுக்க மாட்டார். ராணுவத்தில் அப்படித்தான் விதி. இங்கே தெருவில் யார் அகப்பட்டாலும் கூப்பிடுவார். கோயிலுக்குப் போகும் பாட்டி, தபால்காரர், ஸ்கூல் பையன், யாரானாலும் சரி. அவர்கள் காருக்குப் பின்னால் நின்று, ‘வா வா’ என்று கையாட்ட வேண்டும். கண்ணாடியில் அவர்கள் முகம் தெரியவில்லையானால் பிரேக். மாகறலில் கை காட்டத் தெரியாத ஆளே இப்போது இல்லை.

காரின் நிறம் சாம்பல். அம்மாளுக்கு வெள்ளைதான் ஆசை, வெயிலுக்கு நல்லது என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். இவர் ஒரே பிடிவாதமாக வேண்டாம் என்றிருக்கிறார். காரணம் அம்மாளிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ராணுவ கான்டீன் மூலமாக வாங்கிய கார். பட்டாளத்துக்காரர்களுக்கு வரியில் கழிவு உண்டு, அதற்கும் பதவிப்படி எல்லை உண்டு. 2019 ஜூன் முதல் அமலான விதியில் அதிகாரி என்றால் எட்டு வருஷத்துக்கு ஒரு கார், 12 லட்சம் வரை. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 1,400 சி.சி.க்குள், ஜி.எஸ்.டி. நீங்கலாக 5 லட்சத்துக்குள், சர்வீஸில் ஒன்று, ரிட்டயர் ஆகும்போது ஒன்று என்று அப்போது இருந்தது. காரிலும் ரேங்க் தெரியும். வந்த அன்று திருமாகறலீஸ்வரர் கோயில் வாசலில் பூஜை. சம்பந்தர் பாடிய கோயில். லிங்கம் உடும்பின் வால் அளவுக்குத்தான் இருக்கும். ராஜேந்திர சோழன் துரத்திவந்த பொன் உடும்பு புற்றுக்குள் புகுந்து லிங்கமானதாகத் தலபுராணம். குருக்கள் நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, ‘ஏத்துங்க சார்’ என்றாராம். இவர் இறங்கி, நான்கும் சரியாக டயரின் நடுவே இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒன்றை அரை அங்குலம் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் ஏற்றினாராம். இது கடைக்காரர் சொன்னது. நான் பார்க்கவில்லை, ஆனால் சந்தேகப்பட முடியவில்லை.

இனி அந்த நோட்டு. அது ஒரு நாள் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தது. அவர் டீ வாங்கப் போனார், காற்று பக்கத்தைப் புரட்டியது. நூறு பக்க ஸ்கூல் நோட்டு. ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு. தேதி, புறப்பட்ட நேரம், எங்கிருந்து, எதுவரை, மீட்டர் ஆரம்பம், மீட்டர் முடிவு, பெட்ரோல், காரணம், கையொப்பம். ராணுவ வண்டி ஒவ்வொன்றுக்கும் கார் டைரி என்று ஒன்று இருக்கும். வண்டியை உபயோகித்த அதிகாரி பயணம் முடிந்ததும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே அதிகாரி அம்மாள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவருடைய கையெழுத்து, இனிஷியலோடு. சில நாள் நிதானமாக, சில நாள் அடுப்பில் ஏதோ பொங்கிக்கொண்டிருந்தது தெரிகிற அவசரத்தில். காரணம் என்ற கட்டத்தில்: ‘உத்திரமேரூர், பேங்க்’. ‘காஞ்சிபுரம், கண் ஆஸ்பத்திரி’. ‘காஞ்சிபுரம், பட்டுப்புடவை (வாங்கவில்லை)’. ‘வெங்கச்சேரி, ஆற்றில் தண்ணீர் பார்க்க’.

பக்கத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலம், ஆயிரத்து நூறு வருஷம் ஆகிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது என்கிறது அது. அவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரர்களும்தான். யாரும் கேட்காத கணக்கைச் சொந்தக் காருக்கு எழுதுகிற ஒருவர் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது எனக்கு விநோதமாகப் படவில்லை.

அந்த நோட்டில் கடைசிக்கு முந்தின கட்டம் ஒன்று உண்டு. ராணுவ டைரியில் அப்படி ஒரு கட்டம் இருக்க வாய்ப்பே இல்லை. தலைப்பு: ‘வழியில் ஏறியவர்கள்’. கீழே எண்கள். 2. 1. 4 (பிள்ளைகள்). 1, மூட்டையுடன். காலியாக விட்ட வரி அரிது.

இதற்கு விளக்கம் பல நாள் கழித்துக் கிடைத்தது, அதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. தங்கை மகனுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். பையன் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு கிழவருக்காக நிறுத்தவில்லை. மாமா அவனை டீக்கடைக்கு எதிரே ஓரம் கட்டச் சொன்னார். கண்ணாடி இறக்கியிருந்தது.

“ஏன்டா நிறுத்தல?”

“யாருன்னே தெரியாது மாமா.”

“தெரிஞ்சாத்தான் நிறுத்துவியா?”

பையன் பேசவில்லை. அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். 2008 அக்டோபர் கடைசி. கிபும்பா பக்கமிருந்து கோமாவுக்கு ஜனங்கள் நடந்து வருகிறார்கள். கிளர்ச்சிப் படை நெருங்குகிறது என்று முகாமையே காலி செய்துகொண்டு. பாய், பானை, ஆடு, முதுகில் பிள்ளை. அதே வாரத்தில்தான் கோமாவில் கூட்டம் கூடி ஐ.நா. வளாகத்தின் மேல் கல் எறிந்தது, எங்களைக் காப்பாற்றத்தானே வந்தீர்கள் என்று. அந்த ரோட்டில் இவர் வெள்ளை லாரி ஓட்டிப் போனார். ரேஷன் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி, பின்னால் காலி.

“ஒரு பொம்பள, நெறமாசம். கைய காட்டிச்சு. நான் பாக்கறேன், அதுவும் என்னையே பாக்குது. காடி காலி. ஆனா பெர்மிஷன் இல்லாம வெளியாள ஏத்தக் கூடாது, ரூல். கான்வாய் வேற, நின்னா பின்னாடி வர்ற அத்தன வண்டியும் நிக்கணும். பக்கத்துல இருந்தவன் ‘சலோ, சலோ’ங்கறான்.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன அப்பறம். ஓட்டிகினு போய்ட்டேன்.”

அந்த விதியில் தப்பு சொல்ல முடியாது. ஐ.நா. வண்டியில் யாரை ஏற்றினாலும், யாரை விட்டுவிட்டு யாரை ஏற்றினாய் என்று கேட்க ஆள் இருந்த இடம். ஒரு பக்கத்து ஆளை ஏற்றினால் மறுபக்கத்துத் துப்பாக்கி திரும்பும். அதிகாரியாகப் போகிற மிலிட்டரி அப்சர்வர்களுக்கும் இதே கதைதான். அவர்கள் கையில் ஆயுதம் கிடையாது, ஒரு லேண்ட் குரூசர் உண்டு, அதையும் தாங்களே ஓட்டுவார்கள். சொந்த வேலைக்கு ஓட்டிய தூரத்துக்குக் காசு கட்ட வேண்டும். வண்டியில் பொருத்திய கருவி எந்த வேகத்தில் எங்கே போனது என்று எழுதிக்கொண்டே வரும். சாவி கையில் இருக்கும், நிறுத்தும் உரிமை மட்டும் இருக்காது. டிரைவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கதையில் எழுதியிருந்தால் நான் மிகை என்று நினைத்திருப்பேன். எதிரே காருக்குள் ஒருவர் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் பத்து மணி, இரண்டு மணி வாக்கில் வைத்துக்கொண்டு, எஞ்சின் ஓடாத காரில், கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கேட்காமலே வண்டியைத் திருப்பி, பஸ் ஸ்டாப்புக்கு ஓட்டினான். கிழவர் பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்.

நான் பின்சீட்டுக்குப் போனதும் அப்படித்தான். மழை நாள், பஸ்ஸைக் காணோம். சாம்பல் கார் நின்றது. எங்கே என்று கேட்கவில்லை, கதவு திறந்தது. காஞ்சிபுரத்தில் இறங்கும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் நோட்டை எடுத்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘வழியில் ஏறியவர்கள்’ கட்டத்தில் 1 விழுந்தது. பெயர் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

எல்லாம் சுமுகமாகப் போகிறது என்று சொல்வதற்கில்லை. போன வாரம் உத்திரமேரூரிலிருந்து வரும்போது கருவாட்டுக் கூடைக்காரி ஒருத்தியை ஏற்றியிருக்கிறார். கூடையோடு. இரண்டு கூடை. டிக்கியில் ஸ்டெப்னியும் உரமூட்டையும் இருந்ததால் கூடைகள் பின்சீட்டில் வந்தன. மாகறல் வந்து சேரும்போது அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். மறுநாள் லாஸ்ட் பரேட், ஃபர்ஸ்ட் பரேட் எல்லாம் சேர்ந்து நடந்தது. நாலு கதவும் திறந்திருந்தன, மிதியடிகள் வேலியில் காய்ந்தன, சீட்டின் மேல் காப்பித்தூளும் வேப்பிலையும் வைத்துப் பார்த்தார்கள். போகவில்லை.

அம்மாள் அந்த வரியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். முந்தின பயணத்துக்குக் கையெழுத்து ஆகாமல் அடுத்த வரி எழுதக் கூடாது என்பது இவர் வைத்த விதி. அடுத்த வரி எழுதாமல் கார் கிளம்பாது. இரண்டு நாள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. திங்கட்கிழமை அம்மாளுக்குக் காஞ்சிபுரத்தில் கண் ஆஸ்பத்திரி. பையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற காரைத் தாண்டி, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். மாமா சாவியோடு வாசலில் நின்று, “ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு ஏறேன்” என்றார்.

“கருவாட்டுக்காரிகிட்ட வாங்கிக்குங்க” என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார் அம்மாள். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.